மகாலட்சுமி மைதானம்: வேலிக்கு உள்ளே பந்தயம், வெளியே குற்றம்

மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் 120 ஏக்கரை மக்களுக்காகப் பெற்றுவிட்டதாக மகாராஷ்டிர அரசு 2024 ஜூன் முதல் பெருமை பேசிவருகிறது. யாரிடமிருந்து பெற்றது என்று கேட்டால்தான் இந்தப் பெருமையின் மறுபக்கம் தெரியவரும். குத்தகையிலிருந்த 211 ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசின் சொத்து. எஞ்சியது மாநகராட்சியின் சொத்து. ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் வெறும் குத்தகைதாரர். அந்தக் குத்தகையும் 2013 மே 31-ஆம் நாளோடு முடிந்துபோனது. அதற்குப் பின் பதினோரு ஆண்டுகள் புதுப்பிக்கப்படாத குத்தகையின்மேல் அமர்ந்து கிளப் பந்தயம் நடத்தியது. அதன்பின் அமைச்சரவை கூடி, கிளப்பிடமிருந்து 120 ஏக்கரைப் ‘பெற்றுக்கொண்டு’, எஞ்சிய 91 ஏக்கரை 2053 மே மாதம் வரை அதே கிளப்புக்குப் புதிய குத்தகையாக வழங்கியது. குத்தகை 2023 ஜூன் முதல் முன்தேதியிட்டுக் கணக்கிடப்பட்டது.

நிலத்தின் உடைமையாளர் தன் நிலத்தில் ஐந்தில் மூன்று பங்கைக்கூட முழுதாகத் திரும்பப் பெறாமல், அதை வெற்றி என்று கொண்டாடுகிறார். ஆளும் வர்க்கத்தின் கணக்குப் பாடத்தில் மட்டுமே இத்தகைய விடை சரியாக வரும்.

இந்த உடன்பாட்டுக்கு முன்னர், 2024 தொடக்கத்தில், கிளப் தன் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தோர் எழுநூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் நால்வருக்கு மூவர் என்ற அளவில் ஆதரவு கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே 24 லட்சம் மக்கள் வாழும் நகரத்தின் பொது நிலம் குறித்துக் கருத்துச் சொல்லும் வாக்குரிமை எழுநூறு கனவான்களுக்கு இருந்தது. அந்த நேரத்தில் மும்பை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 மார்ச் மாதத்தில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியே நிர்வாகியாக இருந்துவந்தார். கிளப்பில் ஜனநாயகம் இருந்தது, நகரத்தில் இல்லை.

சேற்றிலிருந்து எழுந்த நிலம்

இந்த நிலம் எவருடைய பாட்டனாரும் விட்டுச்சென்ற சொத்தன்று. வொர்லித் தீவுக்கும் மகாலட்சுமிக்கும் இடையே இருந்த உடைப்பின் வழியே ஒவ்வொரு ஓதத்தின்போதும் கடல் உள்ளே புகுந்து பம்பாயின் நடுப்பகுதியை மூழ்கடித்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆளுநர் ஹார்ன்பி காலத்தில் தொடங்கி 1784 வாக்கில் முடிந்த கற்சுவர்தான் அந்த உடைப்பை அடைத்தது. ‘ஹார்ன்பி வெல்லார்ட்’ என்று பெயர் பெற்ற அந்தச் சுவரின்மேல் ஓடும் சாலை இன்று லாலா லஜபத் ராய் பெயரால் வழங்குகிறது. வெல்லார்ட் என்பது வேலி, வரப்பு என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. கடலை வெளியே நிறுத்துவதற்கு முதல் வேலி எழுந்தது. மனிதரை வெளியே நிறுத்தும் வேலி நூறாண்டுகள் கழித்து வந்தது.

சுவர் எழுந்தபின் அதன் பின்னால் மிஞ்சிய சதுப்பு ‘மகாலட்சுமி ஃப்ளாட்ஸ்’ எனப்பட்டது. அதுவரை குதிரைப் பந்தயம் பைகுல்லாவில் நடந்துவந்தது. பம்பாய் டர்ஃப் கிளப் 1802-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பாரசீக வளைகுடாவிலிருந்து படைக்கும் வண்டிக்கும் அரபுக் குதிரைகளை இறக்குமதி செய்த துறைமுகத்தில் பந்தயம் முளைத்ததில் வியப்பில்லை. பைகுல்லாவைச் சுற்றி நகரம் நெருங்கிவந்தபோது பந்தயம் மகாலட்சுமிக்குக் குடிபெயர்ந்தது. 1883-இல் புதிய மைதானம் உருவானது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள கால்ஃபீல்டு மைதானமே அதற்கு முன்மாதிரி. ஒரு குடியேற்ற நாட்டிலிருந்து மற்றொரு குடியேற்ற நாட்டுக்கு வரைபடம் வந்தது. மண்ணும் உழைப்பும் உள்ளூரில் கிடைத்தன.

அதே பத்தாண்டில் அந்த மைதானத்தைச் சுற்றி வேறொரு பம்பாய் எழுந்துகொண்டிருந்தது. 1850-களில் பக்கத்துத் தார்தேவில் முதல் பஞ்சாலை நிறுவப்பட்டது. பரேல், வொர்லி, சிஞ்ச்போக்ளி என ஆலைப் புகைபோக்கிகள் நெருங்கி வளர்ந்தன. பொழுது புலர்வதிலிருந்து சாய்வது வரை, வாரத்தின் எல்லா நாளும் தொழிலாளி உழைத்தார். பந்தய மைதானம் திறந்து ஓராண்டு கழிந்து, 1884-இல், ஜோதிராவ் புலேயின் தோழரும் ‘தீனபந்து’ இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி வைத்த முதன்மையான கோரிக்கை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கனவான்களின் ஓய்வுக்கு 200 ஏக்கர் புல்வெளி முன்பே தயாராக இருந்தது. தொழிலாளிக்கு ஓய்வென்று ஒரு நாளே இல்லை.

அந்தக் கோரிக்கைக்காக 1890 ஏப்ரலில் லோகண்டே கூட்டிய பேரணிக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டனர். இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினர். கூட்டம் நடந்த இடம் இந்தப் பந்தய மைதானம்தான். அடுத்த சில வாரங்களில், ஜூன் மாதத்தில், ஆலை முதலாளிகள் வாராந்திர ஓய்வுநாளுக்கு இணங்கினர். இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமை பிறந்த கதையில் இந்த மண்ணுக்கு இடமுண்டு. மைதானத்தின் ‘பாரம்பரியம்’ பற்றி உருகிப் பேசுவோரின் கட்டுரைகளில் டெர்பி வெற்றியாளர்களும் மகாராஜாக்களும் தலைப்பாகைகளும் வரிசையாக வருவார்கள்; பத்தாயிரம் ஆலைத் தொழிலாளர்கள் வரமாட்டார்கள். பார்வையாளர் மாடத்துக்கு இரண்டாம் நிலைப் பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதி வழங்கப்பட்டுள்ளது. லோகண்டேயின் கூட்டம் நடந்த மண்ணுக்கு எந்தத் தகுதியும் வழங்கப்படவில்லை.

1925-இல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் உருவாயிற்று. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ‘ராயல்’ பட்டம் சூட்டினார். நாடு விடுதலை பெற்று, குடியரசாகி, மன்னர் மானியமும் ஒழிந்தபின், அந்த ஒற்றைச் சொல் மட்டும் கிளப்பின் பெயர்ப்பலகையில் அசையாமல் நிற்கிறது. மொழிபெயர்த்து ‘அரச’ என்று எழுதினால் கூச்சமாக இருக்கும் என்பதாலோ என்னவோ, அதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

அடைப்புகளின் அரசியல்

மைதானத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்ப்பது பயனுள்ளது. வர்க்கத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லிலும் கம்பியிலும் வரைந்து வைத்த இடங்கள் குறைவு. முட்டை வடிவப் புல்தடம். அதனோடு இணையும் நீண்ட நேர்த்தடம். ஒரு பக்கத்தில் பார்வையாளர் மாடங்கள். மாடங்கள் ஒன்றல்ல. உறுப்பினர் அடைப்பு, முதல் அடைப்பு, இரண்டாம் அடைப்பு எனப் பிரிக்கப்பட்டவை. உறுப்பினர் அடைப்பில் நுழைய அழைப்பும் உரிய உடையும் வேண்டும். மற்ற அடைப்புகளில் நுழைய காசு போதும். வெற்றிக் கம்பத்துக்கும், பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்துக்கும் எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதை அடைப்பே தீர்மானிக்கிறது. எல்லோரும் ஒரே குதிரையின்மேல் பணம் கட்டலாம்; குதிரையை அருகிருந்து பார்க்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றல்ல. முட்டையின் நடுவே கிடக்கும் பரந்த வெளியில் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் பொதுமக்கள் நடந்து செல்லலாம். அந்தச் சில மணி நேரத்தைக் காட்டித்தான் மைதானம் மக்களுடையது என்று கிளப் வாதாடுகிறது.

இந்த அடைப்பு வெறும் வேலி அன்று. சட்டத்தின் வரம்பும் அதுவே. 1887-ஆம் ஆண்டின் பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டம் இன்றும் மகாராஷ்டிரத்தில் வழக்கில் உள்ளது. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது சூதாட்டம், சூதாட்டம் குற்றம் என்று சொல்லும் அந்தச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற பந்தய மைதானத்தில், பந்தயம் நடக்கும் நாளில், அரசின் ஒப்புதலோடு ஒதுக்கப்பட்ட அடைப்புக்குள் குதிரையின்மேல் கட்டும் பந்தயம் சூதாட்டம் ஆகாது. அந்த உரிமத்துக்கென்றே 1912-இல் தனிச் சட்டம் வந்தது. ஆக, ஒரே மனிதர், ஒரே ரூபாய், ஒரே குதிரை. வேலிக்கு உள்ளே நின்று கட்டினால் விளையாட்டு. வெளியே தெருவில் நின்று கட்டினால் கைது.

1960-களில் இதே மைதானத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், வொர்லியில், ‘மட்கா’ தோன்றியது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை எண்களை வைத்துத் தொடங்கி, பின்னர் பானையிலிருந்து சீட்டெடுக்கும் ஆட்டமாக மாறிய மட்காவில் ஆலைத் தொழிலாளர்கள் கூலியைத் தொலைத்தார்கள். தொழிற்சங்கங்கள் மட்காவை எதிர்த்தது சரியே. தொழிலாளியின் அடுப்பை அணைத்த எந்தச் சூதாட்டத்துக்கும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. ஆயினும் போலீஸ் தடியடி மட்காவுக்கும், போலீஸ் வணக்கம் மகாலட்சுமிக்கும் என்றானது எப்படி என்ற கேள்வி கேட்கப்பட்டாக வேண்டும். சூதாடுவோரில் எவரைக் குற்றவாளி என்பது என்று முடிவு செய்யும் உரிமையை அரசு எப்போதும் தன் வர்க்கக் கண்ணைக் கொண்டே செலுத்தி வந்திருக்கிறது.

பந்தயத்தின் பொருளாதாரம் எளிமையானது. டோட்டலைசேட்டர் என்னும் கூட்டுப் பந்தயத்தில், கட்டிய பணம் முழுவதும் ஒரே தொகுப்பில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் முதலில் கழிக்கப்படும். மீந்ததே வென்றவர்களிடையே பிரிக்கப்படும். தனி மனிதர் ஒருவர் ஒரு நாள் வெல்லலாம். பந்தயம் கட்டுவோர் கூட்டமாக ஒருநாளும் வெல்ல முடியாது. ‘அரசுக்கு வரி தருகிறோம்’ என்று கிளப்புகள் சொல்லும்போது அந்த வரி குதிரை உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. இரண்டாம் அடைப்பில் கசங்கிய சீட்டோடு நிற்பவரிடமிருந்து வருகிறது. 2023 அக்டோபர் முதல் கட்டிய பணத்தின் முழு மதிப்பின்மீதும் 28 விழுக்காடு சரக்கு-சேவை வரி என்று விதிக்கப்பட்டபோதும், 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்ந்தபோதும் அழிந்துபோவோம் என்ற கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலில் முன்னிறுத்தப்பட்டது யார் தெரியுமா? லாயத்துத் தொழிலாளி.

லாயத்துக்காரரின் பெயரால்

குதிரைக்கு உரிமையாளர் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர், சவாரி செய்யும் ஜாக்கி ஒருவர். இவர்களுக்கெல்லாம் கீழே, விடியும் முன் எழுந்து குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடத்தி, அதன் காய்ச்சலுக்குக் கண்விழிப்பவர் ‘சைஸ்’ எனப்படும் குதிரைக்காரர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மும்பை, ஜூலை முதல் அக்டோபர் வரை புனே என்று பந்தயப் பருவம் இடம் மாறும்போது குதிரையோடு அவர் வாழ்க்கையும் இடம் மாறும். அவருக்குக் கூலி தருபவர் பெரும்பாலும் பயிற்சியாளர். எனவே அவர் தன் ஊழியர் அல்லர் என்று கிளப் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது. ஒப்பந்த முறை என்று இன்று தொழிற்சாலைகளில் பெருகி நிற்கும் ஏற்பாட்டின் பழைய வடிவம் லாயத்தில் எப்போதோ வேரூன்றிவிட்டது.

இந்தத் தொழிலாளர்கள்பால் கிளப்புகள் காட்டும் பாசத்தின் உண்மை நீதிமன்ற ஏடுகளில் பதிவாகியுள்ளது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., தங்களுக்குப் பொருந்தாது என்று பந்தயக் கிளப்புகள் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடின. பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்கில் 2014-இல் அந்த வாதம் தள்ளப்பட்டது. பந்தய நாட்களில் மட்டும் அமர்த்தப்படும் தற்காலிக ஊழியர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது என்று ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் வாதிட்டது. 2016-இல் அதுவும் தள்ளப்பட்டது. சீட்டு விற்கும் கூலித் தொழிலாளியின் மருத்துவச் சீட்டுக்குத் தர வேண்டிய பங்கைத் தர மறுத்து ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்கள், இன்று நிலத்தைத் தக்கவைக்க அதே தொழிலாளியின் பிழைப்பைக் காட்டி அழுகிறார்கள். அந்தப் பிழைப்பு உண்மையானது, அழுகைதான் பொய்.

மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் லாயங்களை மூடுவதைத் தொழிலாளி வர்க்கக் கட்சி ஏற்க முடியாது. ஆனால் கிளப்பின் குத்தகையும் தொழிலாளியின் வேலையும் ஒன்றே என்ற சமன்பாட்டையும் ஏற்க முடியாது. பஞ்சாலை முதலாளிகளும் இதே சமன்பாட்டைச் சொல்லித்தான் நிலத்தை விற்றார்கள். அந்தப் பாடம் பக்கத்திலேயே கிடக்கிறது.

கைவிட்டுப்போன 600 ஏக்கர்

1982 ஜனவரி 18-இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினர். அது முறியடிக்கப்பட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, துணியைவிட நிலம் விலைபோகும் என்பது முதலாளிகளுக்குத் தெளிவாகிவிட்டது. கிர்ணகாவ் என்னும் ஆலைப் பகுதியில் இருந்த ஆலை நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991-இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி, அந்நிலம் மறுபயன்பாட்டுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று பிரித்தது. 2001-இல் அந்த விதியில் ஒரு திருத்தம் நுழைந்தது. மொத்த நிலத்தை அல்ல, கட்டடமில்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும் என்றது திருத்தம். ஆலை நிலத்தில் கட்டடமில்லாத இடம் எவ்வளவு இருந்துவிடும்? நகரத்தின் பங்கு ஒரு சொற்றொடரில் கரைந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதைச் சரிசெய்ய முயன்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தையே உறுதிசெய்தது. இன்று அங்கே கண்ணாடி மாளிகைகளும் வணிக வளாகங்களும் நிற்கின்றன.

மும்பையில் ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். ஆலை நிலம் போனபின் நகரத்தின் நடுவே எஞ்சிய பெரிய பொது வெளி பந்தய மைதானமே. எனவேதான் குத்தகை முடிந்த 2013 முதல் அதன்மேல் எல்லாக் கண்களும் பதிந்தன. அப்போது மாநகராட்சியை ஆண்ட சிவசேனை பூங்கா ஒன்றை முன்மொழிந்தது. பின்னர் ஆட்சிகள் மாறின, கூட்டணிகள் உடைந்தன, சிவசேனையே இரண்டானது. மைதானத்தின் மேலிருந்த பார்வை மட்டும் மாறவில்லை. புதுக் குத்தகைப் பேச்சு நடந்த காலத்தில், கிளப்பின் லாயங்களைச் சீரமைக்க மாநகராட்சிப் பணத்தில் 100 கோடி ரூபாய் என்ற முன்மொழிவும் எழுந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. குடிசைப் பகுதிக்குக் குழாய் போட நிதியில்லை என்று கைவிரிக்கும் மாநகராட்சி, குதிரைகளின் கூரைக்கு நிதி தேட முனைந்தது.

2024 உடன்பாட்டின்படி 120 ஏக்கரும், கடற்கரைச் சாலைக்காகக் கடலைத் தூர்த்துப் பெற்ற ஏறத்தாழ 175 ஏக்கரும் சேர்ந்து ‘மும்பை மையப் பூங்கா’ ஆகும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைக் காட்டி விளம்பரம் நடக்கிறது. பசுமை என்ற சொல் தலைப்பில் இருக்கிறது. திட்டத்தின் விவரங்களிலோ நிலத்தடி விளையாட்டு வளாகம், வாகன நிறுத்தம் எனக் கான்கிரீட் வரிசை கட்டி நிற்கிறது. மண்ணுக்கு மேலே புல், கீழே கட்டடம். ஆழமாக வேர் விட வேண்டிய மரத்துக்கும் பருவமழை நீருக்கும் அங்கே என்ன இடம் என்று நகரமைப்பு அறிந்தவர்கள் கேட்பது நியாயமே. ஒரு காலத்தில் கடல் புகுந்த தாழ்நிலம் அது.

120 ஏக்கரை நகர மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் கொண்ட ஒரு துண்டு வரும். இரண்டு பாதங்களை நெருக்கி வைத்தால் அதில் ஒருவாறு நிற்கலாம். இவ்வளவு சிறிய துண்டின் அடியிலும் கட்டடம் வேண்டும் என்கிறது அரசு.

இதே நகரத்தில் இன்னொரு அளவுகோலும் வழக்கிலிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடச் சென்ற தமிழர்களும், குஜராத்திக் குயவர்களும், உத்தரப்பிரதேசத் தையற்காரர்களும் சதுப்பைத் தூர்த்து உருவாக்கிய தாராவியில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான ஆவணம் காட்ட முடியாதவருக்கு அங்கேயே இலவச வீடு கிடையாது. அவர் ‘தகுதியற்றவர்’. முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பளங்களுக்கும் தேவ்நார் குப்பைமேட்டுக்கும் அவரை அனுப்பத் திட்டம் தீட்டப்பட்டுள்ளது. குடியிருப்புப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, இடம் மாற்றிவைக்கிறது என்று எங்கெல்ஸ் 1872-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் காட்டிய வழிமுறை இதுவே. ஆவணம் காலாவதியான கிளப்புக்கு முன்தேதியிட்டு முப்பதாண்டுக் குத்தகை. ஆவணம் கிடைக்காத தொழிலாளிக்குக் குப்பைமேடு. நம் வருவாய்த் துறை மொழியில் புறம்போக்கு என்றொரு சொல் உண்டு. அது ஏழையின் குடிசை நிற்கும் நிலத்துக்கே ஒட்டுகிறது. கனவான்களின் புல்வெளிமேல் ஒட்டுவதில்லை.

கிண்டி காட்டும் வேறுபாடு

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இந்தக் கதையின் இன்னொரு பக்கம் தெரிந்ததே. 1974-இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறன் சார்ந்தது, சூதாட்டம் அன்று என்று கூறியது. கையகப்படுத்தும் சட்டத்தையும் செல்லாததாக்கியது. பொது நன்மைக்கான வளப் பகிர்வு குறித்த அரசியல் சட்டத்தின் 39-ஆவது பிரிவைக் காட்டிய அரசின் வாதம் எடுபடவில்லை. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பின்னாளில் இணையவழி ரம்மி நிறுவனங்களும் திறன் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு தமிழ்நாட்டில் குடும்பங்களைச் சூறையாடின.

அரசு ஒழுக்கத்தின் தளத்தில் நின்று வாதிட்டது. சூது பாவம் என்றது. நீதிமன்றம் அதைச் சூதே அன்று என்று கூறி ஒரே வரியில் கதவை மூடியது. 2024 செப்டம்பரில் நடந்தது வேறு. 1945-இல் 99 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகைக்கு அளிக்கப்பட்ட கிண்டி மைதானத்தின் 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்துக்கு, 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகைப் பாக்கி என்று கணக்கிட்டு, குத்தகையை ரத்துசெய்து, வருவாய்த் துறை வாயிலைப் பூட்டி முத்திரையிட்டது. இங்கே குதிரை திறனால் ஓடுகிறதா அதிர்ஷ்டத்தால் ஓடுகிறதா என்ற கேள்வியே எழவில்லை. நிலம் யாருடையது, வாடகை எங்கே என்பதே கேள்வி. கிளப் நீதிமன்றங்களை நாடியது. ஆயினும் வாதத்தின் தளம் மாறிவிட்டது. அந்த வளாகத்தில் வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. அங்கே வேலை செய்தோரின் மறுவாழ்வு குறித்துத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. எனினும், குத்தகை முடிந்தும் பதினோரு ஆண்டுகள் கைகட்டி நின்று, பின்னர் 91 ஏக்கரைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மகாராஷ்டிர அரசோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகவே தெரியும். பெங்களூர் டர்ஃப் கிளப்பின் குத்தகையும் 2009 டிசம்பரிலேயே முடிந்துபோனது என்பதை இங்கே நினைவுபடுத்தலாம். காலாவதி என்ற சொல் பந்தயக் கிளப்புகளுக்குப் பொருந்துவதில்லை போலும்.

மும்பையில் திறந்தவெளிக்காகப் போராடும் நல்லெண்ணம் கொண்டோர் சிலர், கிளப்பே பரவாயில்லை, கட்டுமான முதலாளிகளின் கைக்குப் போகாமல் புல்லையாவது காத்தார்களே என்று வாதிடுகின்றனர். இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆலை நிலம் போன விதத்தைக் கண்ட அச்சம் அது. நிலத்தடிக் கட்டுமானத்துக்கு எதிரான போராட்டத்தில் அவர்கள் இயல்பான தோழமைச் சக்திகள். ஆனால் புல்லைக் காத்தது கிளப்பின் கருணையன்று. அது பொது நிலமாக, கட்ட முடியாத நிலமாக இருந்ததே புல்லைக் காத்தது. விற்க முடிந்திருந்தால் ஆலை முதலாளிகள் செய்ததையே குதிரை உரிமையாளர்களும் செய்திருப்பார்கள். இரு கூட்டத்திலும் ஒரே குடும்பங்கள் பல காலம் இருந்தன. ஆலைகளை நடத்திய சர் விக்டர் சசூன்தான் ‘மிஸ்டர் ஈவ்’ என்ற பெயரில் குதிரைகளையும் ஓடவிட்டார். கிளப்பா, கட்டுமான முதலாளியா என்று இரண்டே வாசல்களைக் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம்.

மூன்றாவது கோரிக்கை ஒன்று உண்டு. அதை முன்வைக்க வேண்டியவர்கள் இடதுசாரிகள். 91 ஏக்கர் புதுக் குத்தகை ரத்தாக வேண்டும். 211 ஏக்கரும் மண்ணுக்கு மேலும் கீழும் கட்டடமில்லாத ஒரே பொது வெளியாக வேண்டும். நாள் முழுதும் எவரும் சீட்டின்றி நுழையும் வாயில்கள் வேண்டும். திட்டத்தின் ஒவ்வொரு வரைபடமும் வார்டு வாரியாக மக்கள்முன் மராத்தியிலும், இந்தியிலும், தாராவியில் தமிழிலும் வைக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். லாயத் தொழிலாளர்கள், தடப் பணியாளர்கள், பந்தய நாள் ஊழியர்கள் அனைவரின் பெயர்ப்பட்டியலும் முதலில் தயாராக வேண்டும். பரந்த வெளியைப் பராமரிக்கும் மாநகராட்சி வேலையில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். மைதானத்தை ஒட்டிய குடிசைவாசிகளுக்கு அதே பகுதியில் வீடு கிடைத்த பிறகே ஒரு கல்லும் பெயர்க்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்கும் மனுவைத் தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் சேர்ந்து கொண்டுசெல்ல வேண்டிய நாளாக ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டம் கூட வேண்டிய இடத்தை லோகண்டே 1890-லேயே தேர்ந்துவைத்திருக்கிறார்.